முற்றுப்புள்ளி உள்ளேயா வெளியேயா? ஆங்கில மேற்கோள் குறிகள் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வி இது: ஆங்கிலக் கட்டுரையில் மேற்கோள் குறியை மூடிவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால் ஒருவர் ‘உள்ளே வை’ என்று திருத்துகிறார், உள்ளே வைத்தால் இன்னொருவர் ‘வெளியே எடு’ என்று திருத்துகிறார், ஒற்றைக் குறியா இரட்டைக் குறியா என்பதிலும் இதே இழுபறி, எதுதான் சரி? நீங்கள் புள்ளியைப் பற்றிக் கேட்டாலும், அடியில் இருக்கும் கேள்வி வேறு. இந்தக் குறிகளுக்கு எங்கும் செல்லுபடியாகும் விதி என்று ஏதாவது உண்டா, அல்லது எல்லாமே ஆளுக்கொரு வழக்கம்தானா? இரண்டும் உண்டு. உங்களைத் திருத்திய இருவருமே சரியாகத்தான் திருத்தியிருக்கிறார்கள். ஒருவர் அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றுகிறார், மற்றவர் பிரிட்டிஷ் வழக்கத்தை. அதைச் சொல்லாமல் சிவப்பு மையால் சுழித்ததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

கேள்வி தமிழில் இருப்பதால் ஆங்கில எடுத்துக்காட்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாக்கியத்தைக் காதால் படியுங்கள், கண் குறிகளின் மேல் இருக்கட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது. அது வரும் இடங்களில் சொல்லால் குறிப்பிடுகிறேன்.

முதலில் உறுதியான பகுதி. மேற்கோள் குறியின் அடிப்படை வேலை ஒன்றுதான்: ‘இதற்குள் இருக்கும் சொற்கள் என்னுடையவை அல்ல, இன்னொருவர் சொன்னபடியே, எழுதியபடியே தருகிறேன்’ என்று வாசகருக்கு வாக்குக் கொடுப்பது. அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாத இடத்தில் குறி வரக் கூடாது. இதில் அமெரிக்கா, பிரிட்டன் என்ற பேதம் இல்லை. தமிழ் எழுதிப் பழகியவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் மேற்கோள் பிழைகளில் பெரும்பாலானவை புள்ளி இடம் மாறுவதால் வருபவை அல்ல. இந்த வாக்கு மீறப்படுவதால் வருபவை. ஆகவே உங்கள் முற்றுப்புள்ளியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிழையின் ஊற்று நம்முடைய ‘என்று’. தமிழில் ‘அவர் நாளை வருகிறேன் என்று சொன்னார்’ என எழுதினால் ஒரு குறியும் இல்லாமலே பொருள் விளங்குகிறது. பேச்சு எங்கே முடிகிறது என்பதை ‘என்று’ காட்டிவிடுகிறது. நிறுத்தக்குறிகள் இல்லாத ஓலைச்சுவடிக் காலம் முழுவதும் ‘என’, ‘என்று’, ‘என்றான்’ போன்ற சொற்களே மேற்கோள் குறியின் வேலையைப் பார்த்தன. ஆங்கிலத்தில் அப்படி முடித்துவைக்கும் சொல் கிடையாது. ‘தட்’ என்பது ‘என்று’க்கு இணை என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம், ஆனால் அது பேச்சுக்கு முன்னால் நிற்கிறது, அதோடு வரப்போவது அயற்கூற்று என்றும் அறிவித்துவிடுகிறது. விளைவு இந்த வாக்கியம்: ஹி செட் தட் “ஐ வில் கம் டுமாரோ.” இது எந்த நாட்டு வழக்கப்படியும் தவறு. ‘தட்’ அயற்கூற்று என்கிறது, குறி நேர்க்கூற்று என்கிறது. உள்ளே இருக்கும் ‘ஐ’ பேசியவரா எழுதியவரா என்று வாசகர் ஒரு கணம் தடுமாறுகிறார்.

சரியான வடிவங்கள் இரண்டு. நேர்க்கூற்று வேண்டுமானால் ‘தட்’டை எடுத்துவிட்டுக் காற்புள்ளி: ஹி செட், “ஐ வில் கம் டுமாரோ.” அயற்கூற்று வேண்டுமானால் குறிகளை எடுத்துவிட்டு, ஆளைக் குறிக்கும் சொல், காலம், நாள் மூன்றையும் மாற்றுங்கள்: ஹி செட் தட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே. வினாவிலும் இதே கதைதான். ஹி ஆஸ்க்ட் மீ தட் “வேர் ஆர் யூ கோயிங்?” என்பது தவறு. ஹி ஆஸ்க்ட், “வேர் ஆர் யூ கோயிங்?” என்பது ஒரு சரி, ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங் என்பது இன்னொரு சரி. இரண்டாவதில் சொல்வரிசை மாறுவதையும், வினாக்குறி மறைந்து முற்றுப்புள்ளி மட்டும் வருவதையும் கவனியுங்கள். ஆமாம், இல்லை என்ற ஒற்றைச் சொல் பதில்களுக்குக் குறி தேவையில்லை: ஷி செட் யெஸ் என்று எழுதினால் போதும்.

அப்படியானால் ‘தட்’டுக்குப் பிறகு மேற்கோள் குறி வரவே கூடாதா? வரலாம். மேற்கோள் உங்கள் வாக்கியத்தின் இலக்கணத்துக்குள் தையல் தெரியாமல் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். த ரிப்போர்ட் ஸேஸ் தட் த ரிசல்ட்ஸ் ஆர் “டீப்லி வொரியிங்” என்பதில் குழப்பம் இல்லை. குறிகளைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் இலக்கணப்படி நின்றால் மேற்கோள் பொருந்தியிருக்கிறது. தடுக்கினால் காற்புள்ளி போட்டு நேர்க்கூற்றாக்க வேண்டும், அல்லது இன்னும் சிறிய துண்டாக வெட்ட வேண்டும்.

மேற்கோளுக்கு முன்னால் என்ன குறி போடுவது என்பதும் இதிலிருந்தே வருகிறது. செட், ஆஸ்க்ட், ரிப்லைட் போன்ற சொல்லும் வினைக்குப் பிறகு முழு வாக்கியம் வந்தால் காற்புள்ளி, உள்ளே முதல் எழுத்து பெரியது. முன்னால் இருக்கும் பகுதி தானே ஒரு முழு வாக்கியமாக நின்றால் முக்காற்புள்ளி: ஹிஸ் ஆன்ஸர் வாஸ் ப்ளெயின்: “வி ஹாவ் நோ டைம்.” துண்டு மட்டும் வந்தால் ஒன்றும் வேண்டாம், உள்ளே சிறிய எழுத்து. குறியைக் கண்டவுடன் கை தானாகக் காற்புள்ளி போட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. ஹி கால்ட் இட், “அன்ஃபேர்” என்பதில் அந்தக் காற்புள்ளிக்கு எந்த வேலையும் இல்லை.

உரையாடல் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் பேச்சு முடிந்து ‘ஷி செட்’ வரும் இடம். பேச்சு முற்றுப்புள்ளியில் முடிய வேண்டியது என்றாலும், பின்னால் சொல்லும் வினை வந்தால் அது காற்புள்ளியாக மாறும், குறிக்கு உள்ளேயே நிற்கும்: “ஐ ஆம் டயர்ட்,” ஷி செட். இதில் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் ஒன்று. பேச்சு வினாக்குறியிலோ வியப்புக்குறியிலோ முடிந்தால் அது அப்படியே நிற்கும், கூடவே காற்புள்ளி சேர்க்கக் கூடாது: “வேர் ஆர் யூ?” ஹி ஆஸ்க்ட். இங்கே ‘ஹி’ சிறிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. தட்டச்சு மென்பொருள் வினாக்குறியைக் கண்டதும் அடுத்த எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடுவதால், எழுதியவருக்கே தெரியாமல் இந்தப் பிழை நுழைகிறது.

சொல்லும் வினைக்குப் பதில் ஒரு செயல் வந்தால் கதை மாறும். “ஐ ஆம் டயர்ட்.” ஷி க்ளோஸ்ட் த டோர். கதவைச் சாத்துவது பேசும் வழியல்ல, ஆகவே இவை இரண்டு தனி வாக்கியங்கள், நடுவில் முற்றுப்புள்ளி. சிரித்தாள், பெருமூச்சு விட்டாள் போன்ற வினைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ‘லாஃப்ட்’ என்பதைச் சொல்லும் வினையாகச் சில ஆசிரியர்கள் ஏற்பார்கள், சிலர் வெட்டுவார்கள். வாக்கியத்தைச் சிரிக்க முடியாது என்று வெட்டுகிறவர்கள் பக்கம்தான் நான். பேச்சு நடுவில் உடைந்தால், உடைந்த இடம் வாக்கியத்தின் நடுவா முடிவா என்று பாருங்கள். நடு என்றால்: “ஐ நோ,” ஷி செட், “தட் யூ ஆர் ரைட்.” முடிவு என்றால்: “ஐ நோ,” ஷி செட். “யூ ஆர் ரைட்.” முதலாவதில் இரண்டாம் பகுதி சிறிய எழுத்தில் தொடங்கும், இரண்டாவதில் பெரிய எழுத்தில்.

பேசுபவர் மாறும்போதெல்லாம் புதிய பத்தி. ஒரே ஆள் பல பத்திகளுக்குப் பேசினால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி வரும், ஆனால் மூடும் குறி கடைசிப் பத்தியின் முடிவில் மட்டுமே வரும். முதல்முறை பார்ப்பவருக்கு இது அச்சுப்பிழை போலத் தோன்றும். திறந்தே கிடக்கும் குறி ‘இன்னும் அவரே பேசுகிறார்’ என்கிறது. புதிய பத்தியின் தொடக்கக் குறி அதையே நினைவூட்டுகிறது. நடுப் பத்திகளிலும் மூடிவிட்டால், அடுத்த பத்தியில் வேறு யாரோ பேசுவதாக வாசகர் எடுத்துக்கொள்வார்.

இப்போது உங்கள் முற்றுப்புள்ளி. அமெரிக்க வழக்கத்தில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் எப்போதும் மூடும் குறிக்கு உள்ளே. மேற்கோள் முழு வாக்கியமா, ஒற்றைச் சொல்லா, கவிதைத் தலைப்பா என்ற கேள்வியே கிடையாது: ஹி கால்ட் இட் “அன்ஃபேர்.” பிரிட்டிஷ் வழக்கம் பொருளைப் பார்க்கும். புள்ளி மேற்கோளுக்குச் சொந்தமானால் உள்ளே, எழுதுபவரின் வாக்கியத்துக்குச் சொந்தமானால் வெளியே: ஹி கால்ட் இட் ‘அன்ஃபேர்’. முழு வாக்கிய மேற்கோளில் இரண்டு வழக்கத்திலும் புள்ளி உள்ளேதான் வரும் என்பதால், வேறுபாடு தெரிவது துண்டு மேற்கோள்களிலும் தனிச்சொற்களிலும் மட்டுமே. உடைந்த பேச்சில் பிரிட்டிஷார் இன்னொரு நுட்பமும் பார்ப்பதுண்டு. மூலத்தில் அந்த இடத்தில் காற்புள்ளி இல்லையென்றால் காற்புள்ளியை வெளியே வைப்பார்கள்: ‘ஐ நோ’, ஷி செட், ‘தட் யூ ஆர் ரைட்.’ ஆனால் பிரிட்டிஷ் கதைப் பதிப்புகளில் பெரும்பாலானவை உரையாடலில் இதைப் பார்ப்பதில்லை, உள்ளேயே வைத்துவிடுகின்றன.

அமெரிக்கர்கள் ஏன் உள்ளே வைத்தார்கள்? ஈய அச்சுக் காலத்தில் மெல்லிய புள்ளி எழுத்து வரியின் ஓரத்தில் உடைந்துவிடாமலிருக்க மேற்கோள் குறிக்கு உள்ளே ஒதுக்கினார்கள் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க அழகான கதை. ஆதாரத்தோடு நிறுவப்பட்ட வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த வழக்கம் அறிவுக்கு உகந்தது என்ற வாதத்திலும் இறங்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் முறைக்கு ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும், அமெரிக்க முறைக்கு யோசிக்கவே வேண்டாம். இரண்டுக்கும் அதனதன் விலை உண்டு.

மற்ற குறிகளில் சண்டையே இல்லை. அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் இரண்டு வழக்கத்திலும் வெளியே. வினாக்குறியும் வியப்புக்குறியும் இரண்டு வழக்கத்திலும் பொருள்படி: மேற்கோளே வினாவானால் உள்ளே, மேற்கோளைச் சுற்றியுள்ள வாக்கியம் வினாவானால் வெளியே. ஷி ஆஸ்க்ட், “ஹூ இஸ் தேர்?” என்பதில் உள்ளே. டிட் ஷி சே, “ஐ வில் கம்”? என்பதில் வெளியே, அந்த இடத்தில் மேற்கோளின் முற்றுப்புள்ளி மறைந்துவிடும். வினாவுக்குள் வினா வந்தாலும் ஒரே வினாக்குறிதான்: டிட் ஷி ஆஸ்க், “ஹூ இஸ் தேர்?” இறுதியில் வினாக்குறி, மேற்கோள் குறி, அதற்கும் மேல் முற்றுப்புள்ளி என்று அடுக்குவது தமிழ்க் கட்டுரைகளிலும் ஆங்கிலக் கட்டுரைகளிலும் ஒருங்கே காணும் பழக்கம். ஆங்கிலத்தில் அந்தக் கடைசிப் புள்ளி மிகை.

அமெரிக்க விதிக்கு நடைமுறையில் ஒரு முக்கிய விலக்கு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளுக்குப் பின்னால் பக்க எண் அடைப்புக்குறிக்குள் வரும்போது முற்றுப்புள்ளி அந்த அடைப்புக்குறியையும் தாண்டிப் போகும்: மேற்கோள், மூடும் குறி, அடைப்புக்குறிக்குள் பக்க எண், பிறகு புள்ளி. மேற்கோள் வினாக்குறியில் முடிந்தால் அது உள்ளேயே இருக்கும், அடைப்புக்குறிக்குப் பின்னால் புள்ளியும் வரும். இன்னொரு இடம் கணினிக் கட்டளை, கடவுச்சொல் போன்றவை. உள்ளே வைத்த புள்ளியையும் சேர்த்து யாராவது தட்டச்சு செய்தால் வேலை கெடும். அங்கே மேற்கோள் குறியையே தவிர்த்து, கட்டளையைத் தனி வரியிலோ தனி எழுத்துருவிலோ கொடுப்பதுதான் நல்லது.

ஒற்றையா இரட்டையா? அமெரிக்காவில் வெளியே இரட்டை, மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் ஒற்றை. பிரிட்டிஷ் நூல் பதிப்பில், குறிப்பாக ஆக்ஸ்ஃபோர்ட் நடையில், வெளியே ஒற்றை, உள்ளே இரட்டை. ஆனால் பிரிட்டிஷ் நாளிதழ்கள் பலவும் இரட்டையையே முதலில் பயன்படுத்துகின்றன. ஆகவே ‘பிரிட்டிஷ் என்றால் ஒற்றை’ என்பது முழு உண்மை அல்ல. இரட்டைக் குறிக்கு ஒரு நடைமுறை நன்மை உண்டு: ஒற்றை மூடும் குறியும் உடைமையைக் காட்டும் மேற்கமாவும் ஒரே வடிவம். ‘த டீச்சர்ஸ்’ ரூம் இஸ் லாக்ட்’ என்று ஒற்றைக் குறியில் எழுதினால், டீச்சர்ஸுக்குப் பின்னால் வருவது உடைமைக் குறியா மேற்கோளின் முடிவா என்று கண் தயங்கும். இரட்டையில் அந்தத் தயக்கம் இல்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தால் இரண்டையும் மூட வேண்டும்: ஹி செட், “ஷி டோல்ட் மீ, ‘கோ ஹோம்.’” புள்ளி ஒன்று, பிறகு ஒற்றை, பிறகு இரட்டை. திறந்த வரிசைக்கு எதிர்வரிசையில் மூடுகிறோம்.

முழு வாக்கியத்துக்கு இரட்டை, தனிச்சொல்லுக்கு ஒற்றை என்று தங்களுக்குள் ஒரு பங்கீடு வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். தமிழில் அது நன்றாகவே ஓடுகிறது. இந்தப் பதிலிலும் தமிழ்ச் சொற்களுக்கு நான் ஒற்றைதான் போடுகிறேன். ஆங்கில நடைக் கையேடுகள் (பதிப்பகங்களும் அமைப்புகளும் எழுதுபவர்களுக்காக வெளியிடும் விதிநூல்கள்) அதை ஏற்பதில்லை. ஒரு சொல்லானாலும் ஒரு பக்கமானாலும் வெளிக்குறி ஒரே வகைதான். மொழியியலில் ஒரு சொல்லின் பொருளைத் தருவதற்கும், சில செய்தித்தாள்களில் தலைப்புச் செய்திக்கும் ஒற்றைக் குறி போடுவது தனி வழக்கம். அந்தத் துறைக்கு எழுதாதவருக்கு அது தேவைப்படாது.

அடுத்தது நம்மிடம் ஆழமாக வேரோடிய பழக்கம்: அழுத்தத்துக்காகக் குறி போடுவது. தமிழ் அச்சில் பட்டப்பெயர், நிறுவனப் பெயர், திரைப்படப் பெயர், புதுச் சொல், முக்கியமான சொல் எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்துப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் சொல்லைச் சுற்றிக் குறி போட்டால் ‘இது என் சொல் அல்ல, அப்படிச் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை’ என்ற ஏளனம் ஒலிக்கும். கடைப்பலகையில் “ஃப்ரெஷ்” ஃபிஷ் என்று எழுதினால் மீன் பழையது என்று கடைக்காரரே ஒப்புக்கொள்வது போல ஆகும். விண்ணப்பக் கடிதத்தில் ஐ ஹாவ் “எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதியவருக்கும் அதே கதிதான். அழுத்தம் வேண்டுமென்றால் சாய்வெழுத்து, அதுவும் அளவோடு. ‘ஸோ-கால்ட்’ என்ற சொல் முன்னால் இருந்தால் குறி மிகை, அந்தச் சொல்லே சந்தேகத்தைச் சொல்லிவிட்டது. கொச்சைச் சொல்லை எழுதிவிட்டு, அதற்கு மன்னிப்புக் கேட்பது போலக் குறி சுற்றுவதும் வேண்டாம். சொல் பொருந்தினால் துணிந்து எழுதுங்கள், பொருந்தாவிட்டால் மாற்றுங்கள். ஒரு கலைச்சொல்லை அறிமுகப்படுத்தும்போது முதல்முறை மட்டும் குறி போடலாம். இரண்டாம் முறையிலிருந்து அது சாதாரணச் சொல்.

தலைப்புகளில் பொது வழக்கம் எளிது: இன்னொன்றின் பகுதியாக வெளிவரும் சிறு படைப்புக்கு மேற்கோள் குறி, தனித்து நிற்கும் பெரிய படைப்புக்குச் சாய்வெழுத்து. சிறுகதை, கவிதை, கட்டுரை, பாடல், தொடரின் ஒரு பகுதி ஆகியவை முதல் வகை. நூல், இதழ், திரைப்படம், தொடர் ஆகியவை இரண்டாம் வகை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடை இதற்கு விலக்கு: அதில் நூலுக்கும் திரைப்படத்துக்கும்கூட மேற்கோள் குறிதான். நீங்கள் எழுதும் கட்டுரையின் தலைப்பை அதே கட்டுரையின் உச்சியில் குறிக்குள் வைக்க வேண்டாம். அது உங்கள் சொல், யாரிடமிருந்தும் எடுத்ததில்லை.

நீண்ட மேற்கோளுக்குக் குறியே கிடையாது. தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும். எவ்வளவு நீளம் என்பது கையேட்டுக்குக் கையேடு மாறும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையில் 40 சொற்கள் அல்லது அதற்கு மேல். எம்எல்ஏ நடையில் (சட்டமன்ற உறுப்பினர் அல்ல, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) உரைநடை நான்கு வரிகளைத் தாண்டினால், கவிதை மூன்று வரிகளைத் தாண்டினால். சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நடையில் ஏறத்தாழ 100 சொற்கள். ஏபிஏ, எம்எல்ஏ இரண்டிலும் உள்தள்ளல் இடப்பக்கம் 0.5 அங்குலம். உள்தள்ளியதே ‘இது மேற்கோள்’ என்று சொல்லிவிடுவதால், அதோடு குறியும் போடுவது ஒன்றையே இருமுறை சொல்வது. இன்னொரு தலைகீழ் மாற்றம்: இப்படி உள்தள்ளிய பத்தியில் முற்றுப்புள்ளி முதலில், பக்க எண் அடைப்புக்குறி பிறகு. பல ஆய்வேடுகளில் இந்த இரண்டு முறையும் கலந்து கிடக்கும். மூன்று வரிக்குள் அடங்கும் கவிதையை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே குறியிட்டு, வரி முறியும் இடத்தில் இருபுறமும் இடம் விட்டுச் சாய்கோடு போடலாம்.

குறிக்குள் இருப்பதை மாற்றலாமா? நான்கு மாற்றங்களுக்கு அனுமதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்யலாம் (எம்எல்ஏ நடை அந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைக்கச் சொல்கிறது, மற்றவை பொதுவாகச் சொல்வதில்லை). இறுதி நிறுத்தக்குறியை உங்கள் வாக்கியத்துக்கு ஏற்ப மாற்றலாம். மூலத்தில் உள்ள இரட்டைக் குறியை ஒற்றையாகவும், ஒற்றையை இரட்டையாகவும் மாற்றலாம். விட்டதை மூன்று புள்ளிகளாலும் சேர்த்ததைச் சதுர அடைப்பாலும் காட்டிவிட்டு வெட்டவோ விளக்கவோ செய்யலாம். வெட்டும்போது பொருள் மாறக் கூடாது. ‘நாட்’ என்ற சொல்லை மூன்று புள்ளிகளுக்குள் புதைத்துவிட்டு மேற்கோள் என்று நீட்டுவது பிழை அல்ல, மோசடி. மேற்கோளின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று புள்ளிகள் பொதுவாகத் தேவையில்லை, எந்த மேற்கோளும் எங்கிருந்தோ வெட்டியதுதான் என்று வாசகருக்குத் தெரியும். மூலத்திலேயே பிழை இருந்தால் சதுர அடைப்புக்குள் ‘ஸிக்’ என்று போடலாம். லத்தீனில் ‘இப்படியே’ என்று பொருள். வாசகர் உங்கள் பிழை என்று நினைத்துவிடக்கூடிய இடத்தில் மட்டும் அதைப் போடுங்கள். அடிக்கொரு முறை போட்டால் மூல ஆசிரியரைக் குட்டுவது போலிருக்கும்.

தமிழிலிருந்து எடுத்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் ஒருவர் சொன்னதை நீங்களே ஆங்கிலத்தில் பெயர்த்தால், அந்த ஆங்கிலச் சொற்கள் அவருடையவையா உங்களுடையவையா? ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது: நீங்களே செய்த மொழிபெயர்ப்பு நேர்மேற்கோள் அல்ல, கருத்தைத் தழுவி எழுதியது, குறி வேண்டாம், மூலத்தைச் சுட்டினால் போதும். வெளிவந்த மொழிபெயர்ப்பு நூலிலிருந்து எடுத்தால் குறி வேண்டும். இலக்கிய ஆய்வில் வழக்கம் வேறு. அங்கே மூல வரியையும் உங்கள் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று குறிப்பிடுவார்கள். செய்தி எழுத்தில் மொழிபெயர்த்த பேச்சைக் குறிக்குள் போடுவது எங்கும் நடக்கிறது. அங்கே பேசிய மொழி எது என்பதை ஒரு சொல்லால் குறிப்பிடுவது நேர்மை.

விதி என்று சொல்ல முடியாத சில மிச்சங்கள் உண்டு. கதைமாந்தர் மனத்துக்குள் நினைப்பதைக் குறிக்குள் வைப்பதா, சாய்வெழுத்தில் வைப்பதா, ஒன்றும் இல்லாமல் விடுவதா என்பதில் மூன்றுக்கும் நல்ல எழுத்தாளர்கள் உண்டு. பேச்சும் நினைப்பும் ஒரே பக்கத்தில் மாறி மாறி வந்தால் இரண்டுக்கும் ஒரே குறி வேண்டாம் என்பது மட்டுமே என் பரிந்துரை. ஒரு சொல்லைச் சொல்லாகவே பேசும்போது (‘அண்ட்’ என்ற சொல்லில் மூன்று எழுத்து என்பது போல) சாய்வெழுத்தும் சரி, குறியும் சரி.

கடைசியாக விசைப்பலகை. தட்டச்சு செய்யும்போது வருவது நேர்நிமிர்ந்த குறி. அச்சுக்கு உரியது திறப்பதற்கும் மூடுவதற்கும் தனித்தனி வடிவம் கொண்ட வளைந்த குறி. சொல்செயலி முன்னால் இருப்பதைப் பார்த்து வளைவை ஊகிக்கிறது: இடைவெளி இருந்தால் திறப்பு, எழுத்து இருந்தால் மூடல். இந்த ஊகம் இரண்டு இடங்களில் தவறும். பேச்சு பாதியில் அறுந்து நீண்ட கோட்டில் முடிந்தால் மூடும் குறிக்குப் பதில் திறக்கும் குறி விழும். 1990ஐச் சுருக்கி ’90 என்று எழுதும்போது மேற்கமாவுக்குப் பதில் திறக்கும் ஒற்றைக் குறி விழும். மருந்து: முன்னால் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டி, குறியைத் தட்டி, பிறகு அந்த எழுத்தை அழியுங்கள். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0147 தட்டினால் திறக்கும் இரட்டை, 0148 மூடும் இரட்டை, 0145 திறக்கும் ஒற்றை, 0146 மூடும் ஒற்றை. நிரல் எழுதும் இடத்தில் இதற்கு நேர்மாறு: அங்கே வளைந்த குறி வந்தால் நிரல் ஓடாது. சொல்செயலியிலிருந்து ஒட்டிய நிரல் வரி காரணமில்லாமல் அடம்பிடித்தால் முதலில் குறிகளைப் பாருங்கள். அடி, அங்குலத்துக்கு வரும் சாய்ந்த சிறு கோடுகளும் மேற்கோள் குறிகள் அல்ல. அங்கே வளைந்த குறி தவறு.

உங்கள் கட்டுரைக்கு: யாரிடம் கொடுக்கப்போகிறீர்களோ அவர்களுடைய நடைக் கையேடு எது என்று கேட்டு, அதையே முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பின்பற்றுங்கள். கையேடு எதுவும் இல்லை என்றால், எழுத்துக்கூட்டல் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு வழக்கத்தை எடுங்கள். ‘கலர்’ என்ற சொல்லை ‘யு’ சேர்த்து எழுதிவிட்டு எல்லாப் புள்ளியையும் உள்ளே தள்ளினால், இரண்டு பேரும் உங்களைத் திருத்துவார்கள். எழுதி முடித்தபின் தேடுபெட்டியில் மூன்று தேடல்கள் போதும். மூடும் குறியை அடுத்து முற்றுப்புள்ளி, மூடும் குறியை அடுத்துக் காற்புள்ளி என்ற இரண்டையும் தேடுங்கள். அமெரிக்க நடையில் இவை எங்கும் கிடைக்கக் கூடாது. பிரிட்டிஷ் நடையில் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பொருள் பார்க்க வேண்டும். மூன்றாவதாக ‘தட்’டையும் திறக்கும் குறியையும் ஒட்டி வைத்துத் தேடுங்கள். சிக்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் குறியைக் கையால் மறைத்துப் படித்துவிட்டு, எதை எடுப்பது, ‘தட்’டையா குறியையா என்று முடிவு செய்யுங்கள்.